கல்லில் இல்லாத பெயர்

1987 தைப்பொங்கலன்று காலை யோகலிங்கம் கனடாவுக்கு விமானம் ஏறினான். லண்டனில் தங்க அவனுக்கு அனுமதி மறுத்திருந்தார்கள். அன்று மாலைதான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ்ச் சங்க மண்டபத் திறப்பு விழா. ஞாயிறு தவறாமல் செங்கல் சுமந்து, கூலி வாங்காமல் அந்த மண்டபத்தைக் கட்டிய ஆறு பேரில் அவனும் ஒருவன். தம்பியை வழியனுப்பிய கையோடு அக்கா தவநாயகி விழாவுக்குப் போனாள்.

மேடையருகே சுவரில் பூட்டியிருந்த பளிங்குக் கல்லின் திரையை விலக்கினார்கள். பொன்னெழுத்தில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

"கட்டினவையின்ரை பேர் எங்கை, அண்ணை?" என்று தலைவர் தியாகராஜாவிடம் கேட்டாள்.

"பிரமிட்டிலை ஆரின்ரை பேர் நிக்குது, தங்கச்சி? ராசாவின்ரைதானே! கல்லிழுத்த அடிமையளின்ரை பேரை ஆர் எழுதினது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விறுவிறென்று வெளியே வந்தாள். என் தம்பி அடிமையா?

மறுநாள் தையல் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போனாள். அகராதியும் கையுமாகப் பிரமிட் புத்தகங்களை மாதக்கணக்கில் படித்துவிட்டு, சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்தாள்.

"செத்த பிறகும் ராசா ராசாவாவே இருக்க வேணுமெண்டு கட்டின கல்லறைதான் பிரமிட். ஆனால் கட்டினது அடிமையள் இல்லை, அண்ணை. கல்வேலைக்காரரும், நைல் பெருகேக்கை வயல்வேலை இல்லாத கமக்காரரும். சாப்பிடப் பாணும் குடிக்கப் பியரும் குடுத்து வேலைக்கு வைச்சிருந்தவை. ராசாவின்ரை அறைக்கு மேலை, ஒருத்தரும் பாக்கேலாத இடத்திலை, சிவப்புச் சாயத்தாலை தங்கடை குழுவின்ரை பேரை எழுதியிருக்கினம். இண்டைக்கும் அழியேல்லை. ராசாவே எழுத விட்டிருக்கிறார், உங்களுக்கு என்ன?"

"கல்லிலை இடமில்லை, பிரமிட் அக்கா," என்றார் செயலாளர். மறுபடியும் சிரிப்பு.

அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அந்தச் சேதி இருந்த புத்தகப் பக்கத்தைப் பிரதியெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள்; பதில் இல்லை. அதன்பின் மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. சொந்தக்காரர் கலியாணமென்றாலும் வாசலில் நின்றே வாழ்த்திவிட்டு வந்துவிடுவாள்.

1995இல் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவள் தொலைபேசிப் பதிவுக்கருவியை அழுத்தினாள். டொரொன்டோவிலிருந்து யோகலிங்கத்தின் குரல்.

"அக்கா, ஏசாதை. நீ அனுப்பின பிரமிட் பக்கத்தை வீடு மாறேக்கை இண்டைக்குத்தான் வாசிச்சனான். மண்டபத்திலை அந்தப் பேர்க்கல் பூட்டின சுவர் நான் பூசினது. பூசுறதுக்கு முதல் ஆறு பேரும் செங்கல்லிலை சிவப்புப் பெயின்றாலை எங்கடை பேரை எழுதினனாங்கள். தியாகராஜா அண்ணையின்ரை கல்லு எங்கடை பேருக்கு மேலைதான் தொங்குது. இனி உள்ளுக்குப் போய் இருந்து சாப்பிடு!"