ஏழாவதும் ஒன்பதாவதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பியூலாவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரிப்பாள். காலர், கை, பட்டன் என்று கண்ணை ஓட்டி, குறை தெரிந்த இடத்தில் அம்பு போன்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அதனால் பியூலாவை அங்கே யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதில்லை. "அக்கா கண்ணுல பட்டா சாமி தெச்ச சட்டைக்கும் ஸ்டிக்கர்தான்" என்று தையல் வரிசையில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அவள் பிறந்து வளர்ந்தது ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா நாசரேத்துப் பக்கத்திலிருந்து வெல்டர் வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்கடைக்குப் போகும் முன் பிள்ளைகளைக் கோயில் ஆராதனைக்கு விரட்டும் வீடு அது. கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்த பிறகு, அங்கிருந்த சபையில் பியூலாவே ஞாயிறு பள்ளி டீச்சரானாள்.

ஞாயிறு பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. பைபிளில் உள்ள பத்துக் கட்டளைகளையும் பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். டீச்சர் எண்ணைச் சொன்னதும் அந்தப் பிள்ளை எழுந்து நின்று தன் கட்டளையைச் சொல்ல வேண்டும். இதில் ஏழாவது யாருக்குப் போனாலும் வம்புதான்.

"டீச்சர், விபசாரம்னா இன்னா டீச்சர்?"

"கல்யாணம் பண்ணிக்கினவங்க ஒருத்தருக்கொருத்தர் துரோகம் பண்றது. உக்காரு. எட்டு யாரு?"

இப்படிப் பல வருடமாக ஏழாவதை ஒரே மூச்சில் தாண்டிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கட்டளை ஒருநாள் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அவள் கணவன் ஸ்டான்லிக்குப் பூந்தமல்லி சாலையில் ஒரு கார் ஷோரூமில் வேலை. அங்கே உடன் வேலை பார்த்த பெண்ணோடு அவனுக்கு உறவு. பியூலா நேருக்கு நேர் கேட்டபோது அவன் மறுக்கவில்லை. அன்றைக்கே பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். அவள் சமைத்ததை அவன் தொடுவதில்லை. அவன் துணியை அவள் துவைப்பதில்லை. மகள் ஜெருஷா பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை வீட்டை உடைக்க வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம். வாரம் மாதமாகி, மாதம் வருடமாகி, இரண்டு வருடத்துக்கும் மேலாயிற்று.

ஜெருஷா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம் ஸ்டான்லி பேச்செடுத்தான்.

"ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்து முடிச்சுக்கலாம் பியூலா. சண்ட எதுக்கு? நான் செஞ்சத இப்ப சட்டமே குத்தம்னு சொல்றதில்ல. ரெண்டாயிரத்துப் பதினெட்டுலயே தூக்கிட்டாங்க."

"சட்டம் தூக்கிட்டா தப்பு போயிடுமா?"

"உன்கிட்ட வேதம் பேச வரல. கையெழுத்து கேக்க வந்தேன்."

பியூலா இரவெல்லாம் 'தூக்கிட்டாங்க' என்ற வார்த்தையையே புரட்டிக்கொண்டு கிடந்தாள். அவளும் பிரியத்தான் நினைத்தாள். துணைக்குத் துரோகம் செய்தவரை விட்டு விலகலாம் என்று அவள் படித்த வேதமே இடம் கொடுக்கிறது. அவளை உறுத்தியது வேறு. கல்லில் எழுதியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, ஒரு தீர்ப்பை எழுதி அழித்துவிட முடிகிறதே என்பதுதான்.

வக்கீல் ரகுநாதன் அந்த உறுத்தலை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அம்பத்தூரில் மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை அவருடையது. வளவளவென்று பேசுவார், மனிதர் கெட்டவரல்ல. ஸ்டான்லியும் பியூலாவும் சேர்ந்தே அவரிடம் போயிருந்தார்கள்.

"ஏம்மா, பழைய சட்டம் இருந்தா மட்டும் உனக்கு இன்னா பிரயோஜனம்? அதுல புகார் குடுக்கிற உரிமை புருஷனுக்குத்தான். எம்பொண்டாட்டியோட இன்னொருத்தன் பழகுறான்னு அவன் குடுக்கலாம். பொண்டாட்டி புருஷன் மேல குடுக்க வழியே கெடையாது. பொம்பளைய புருஷனோட சொத்து மாதிரி பாத்து எழுதின சட்டம்மா அது."

பியூலாவுக்கு இது புதிது. அப்படியானால் சட்டம் என்றைக்குமே ஏழாவது கட்டளைக்குக் காவல் நிற்கவில்லையா? நாம்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமா? யோசித்தபடியே அவர் நீட்டிய மனுவை வாசித்தாள். வாசிக்க வாசிக்க, குறையுள்ள சட்டையைப் பிடித்ததுபோல அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார், நான் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவடி குவார்ட்டர்ஸ்ல அப்பா ஊட்ல தனியா குடியிருக்கேன்னு எழுதிக்கீது."

"ஆமா. தனித்தனியா வாழ்ந்திருந்தாத்தான் சம்மத விவாகரத்து. உன் வாக்காளர் அட்டையில இன்னும் அந்த விலாசம்தானே இருக்கு? ஸ்டான்லிதான் குடுத்தாரு."

"அப்பா ரிட்டயர் ஆயி ஊருக்குப் போயி எவ்ளோ வருஷமாச்சு! அந்த ஊட்ல இப்ப ஒரு ஒரியாக்காரங்க குடும்பம் இருக்குது சார். போன மாசம்கூட அந்தப் பக்கம் போனேன். வாசல்ல அவங்க கொழந்தைக்குத் தொட்டில் கட்டிக்கீது."

"அதெல்லாம் யாரும் போய்ப் பாக்க மாட்டாங்கம்மா. ஒரே ஊட்ல இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. சம்பிரதாயம்."

"ஏழாவது கட்டளைய அவரு மீறினாரு. அதுக்காக ஒன்பதாவத நான் மீறணுமா?"

ரகுநாதனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்த ஸ்டான்லிக்குப் புரிந்தது. "பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதாம் சார். ஞாயிறு பள்ளி டீச்சர்" என்றான், தலையை நிமிர்த்தாமலே.

"அம்மா, நான் வெளிப்படையா சொல்றேன்" என்றார் ரகுநாதன். "நீ ஒரே ஊட்ல இருக்கேன்னு கோர்ட்ல சொன்னா மனு நிக்காது. அப்புறம் இவரு தனியா வழக்குப் போடுவாரு. உன்மேல இல்லாததும் பொல்லாததும் எழுதுவாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். பரிட்சை நேரத்துல உம்பொண்ணு காதுல அதெல்லாம் விழணுமா?"

மகளைச் சொன்னதும் பியூலா தளர்ந்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாள். வீடு திரும்பும் வழியில் சபைப் போதகரிடம் சொன்னாள். "கோர்ட்டு விஷயம் உலக காரியம்மா. வக்கீல் சொல்றபடி செய்ங்க, ஜெபம் பண்ணிக்குவோம்" என்றார் அவர். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் கைவிட்டது என்று வருந்திக்கொண்டிருந்தவளுக்கு, சபையும் மெதுவாகக் கையைக் கழுவிக்கொண்டதுபோலத்தான் தோன்றியது. போதகரைக் குறை சொல்ல வாய் எழவில்லை. கையெழுத்து அவளுடையதல்லவா!

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வழக்கம்போல எழுப்பினாள். ஏழு சொல்லி முடித்தது. எட்டு சொல்லி முடித்தது.

"பத்து யாரு?"

வகுப்பில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் பாவாடையைச் சரிசெய்தபடி எழுந்து நின்ற சிறுமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "டீச்சர், நான் ஒன்பது. என்னைய வுட்டுட்டீங்க."

"சொல்லும்மா" என்றாள் பியூலா. அந்தப் பிள்ளை கணீரென்று சொன்னது. பியூலா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாட்டத்தை ஷாகிதாதான் கண்டுபிடித்தாள். பூந்தமல்லியிலிருந்து வரும் தையல்காரி, பியூலாவின் ஸ்டிக்கரை அதிகம் வாங்குகிறவள், அதனாலேயே நெருக்கமானவள்.

"இன்னாக்கா, காலையிலேர்ந்து ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டல. என் தையல் அவ்ளோ சூப்பராவா கீது?"

பியூலா எல்லாவற்றையும் சொன்னாள். ஷாகிதா டிபன் மூடியில் ஊறுகாயை வழித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரே ஊட்ல இருந்துகினு தனித்தனியா வாழறதா? அதுக்கா இம்மாம் பொய்யி? எங்க ஊட்டாண்ட வந்து பாரு. நானும் எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான் கீறோம். அவரு கிரிக்கெட்டோட, நான் மிக்சியோட!"

பியூலா சிரித்தேவிட்டாள். ஷாகிதா சிரிக்கவில்லை.

"ஆனா அக்கா, பொய்ச் சத்தியம் எங்களுக்கும் பாவம்தான். உனக்குத் தெரியாததா? என் சட்டையில ஒரு நூலு தொங்கினா திருப்பி அனுப்புற. இத எப்படி பாஸ் பண்ணுன?"

பியூலா டிபனை மூடினாள். நீதிமன்றத்தில் அழைக்கும் நாள் வரை அந்தக் கேள்வி அவளோடே பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று பூந்தமல்லி நீதிமன்றத்தில் நல்ல கூட்டம். அவர்கள் பெயரைக் கூப்பிட்டதும் ரகுநாதன் அங்கியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். நீதிபதி ஒரு பெண்மணி. குனிந்தபடி மனுவைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்கதான் பியூலாவா? உங்க சொந்த விருப்பத்துலதான் பிரியறீங்களா?"

"ஆமாம்மா."

"யாரும் கட்டாயப்படுத்தலயே?"

"இல்லம்மா."

"இப்ப எங்க குடியிருக்கீங்க?"

மனுவில் இருக்கும் விலாசத்தைச் சொன்னால் போதும். ஸ்டான்லி அவளைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், ஜெருஷா காதில் எல்லாம் விழும் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. பிள்ளைக்காகப் பொய் சொன்னேன் என்று அந்தப் பிள்ளையிடமே பிறகு எப்படிச் சொல்வேன் என்பதும் கூடவே வந்தது.

"மேனாம்பேட்டுல. இவரும் நானும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்மா. மனுவுல இருக்கிற விலாசம் பொய்யி."

ரகுநாதன் இருமினார். நீதிபதி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போடும்போது தெரியுமா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் போட்டேன். அது என் தப்பு."

"ஒரே வீட்டுல எப்படி இருக்கீங்க?"

"அவரு ஹால்ல. நானும் பொண்ணும் ரூம்ல. ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு. சமையல், சாப்பாடு எல்லாம் வேற வேற. புருஷன் பொண்டாட்டியா இல்ல."

நீதிபதி ஸ்டான்லியைக் கேட்டார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மைதான் மேடம்" என்றான். அதன் பிறகு நீதிபதி ரகுநாதன் பக்கம் திரும்பினார்.

"வக்கீல் சார், ஒரே கூரையின்கீழ இருந்தாலும் கணவன் மனைவியா வாழலைன்னா அது பிரிந்து வாழ்றதுதான்னு உங்களுக்குத் தெரியாதா? உள்ளத உள்ளபடி எழுதியிருந்தாலே போதுமே. இதுல பொய்க்கு என்ன வேலை?"

ரகுநாதன் சட்டைக் காலரைத் தளர்த்தினார். மனுவைத் திரும்பப் பெற்று, நடந்ததை நடந்தபடி எழுதி, புதிதாகத் தாக்கல் செய்யும்படி உத்தரவாயிற்று. பொய்யில் கையெழுத்துப் போட்டதற்காகப் பியூலாவையும் நீதிபதி சும்மா விடவில்லை. எல்லார் முன்னாலும் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு பியூலாவுக்கு, நின்றுபோன தண்ணீர்க் குழாயில் திடீரென்று தண்ணீர் வந்ததுபோல இருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது அவள் தன்னையே குடைந்துகொண்டாள். உண்மைக்காகத்தான் சொன்னேனா, ஸ்டான்லி முகம் தொங்குவதைப் பார்க்கச் சொன்னேனா? கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் சொன்னது உண்மை. அது பொய்யாகிவிடாது. சட்டம் பொய் கேட்கவில்லை என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கேட்டதாக நினைத்துக்கொண்டது அவர்கள்தான். ஊரே கட்டளையை மறந்துவிட்டது என்று புலம்பியவள், தனக்குக் கொடுத்த ஒரு கட்டளையை ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டிருந்தாள். இப்போது திருப்பி எடுத்துக்கொண்டாள்.

புது மனுவை ரகுநாதன் தட்டச்சு செய்து கொடுத்தபோது பியூலா வரிவரியாக வாசித்தாள். ஹால், அறை, தனிச் சமையல், எல்லாம் சரியாக இருந்தது.

"ஏன் பிரியறோம்னு இதுல இல்லையே சார்?"

"சம்மத விவாகரத்துல காரணம் கேக்க மாட்டாங்கம்மா."

அவள் சற்று யோசித்தாள். சட்டம் கேட்காததை எழுதாமல் விடலாம். கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டாள். இந்த முறை பேனா ஓடியது.

சட்டம் காத்திருக்கச் சொன்ன மாதங்கள் முடிந்து, தீர்ப்பு கையில் வந்த நாளில் இருவரும் குமணன்சாவடி வரை ஒன்றாகத்தான் நடந்தார்கள். பஸ் வேறு வேறு. டீக்கடை முன் ஸ்டான்லி நின்றான். இரண்டு டீ சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "அன்னிக்குக் கோர்ட்டுல எல்லாத்தையும் போட்டு ஒடச்ச. என்னோட விஷயத்த மட்டும் சொல்லல. சொல்லியிருந்தா எம்மானம் போயிருக்கும். ஏன் வுட்ட?"

"அவங்க அதக் கேக்கல."

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் இப்ப சட்டம்." அவன் சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை. "நீதான் எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவியே. இதுக்கு மட்டும் ஒட்டவே இல்ல."

"நீங்க கேட்டா ஒட்டுறேன்."

சாலையில் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்துபோனது. ஸ்டான்லி டம்ளரைப் பலகைமேல் வைத்தான்.

"சரி, கேக்குறேன். நான் செஞ்சது தப்பா பியூலா?"

"தப்புதாங்க" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. ஏழாவது யாரு என்று கேட்டால் எழுந்து நிற்கும் பிள்ளையிடம் பேசும் குரல்தான்.

அவன் தலையை ஆட்டினான். இரண்டு டம்ளர்களையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். அம்பத்தூர் பஸ் வந்தது. பியூலா ஏறி உட்கார்ந்தாள்.