முதலாளியின் கைக்குட்டையும் என் விசிலும்

ரெஃப்ரி வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, ஆட்டத்தை எப்போது முடிக்க வேண்டும் என்பதைத்தான். ரூல் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆம்பூரில் அதை எவன் சீண்டினான்?

நான் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கிளார்க். சனிக்கிழமை சாயங்காலம் டேனரி டீம்களுக்கு ரெஃப்ரி. முதல் நாள், எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த ஸ்டோர் கீப்பர் விசிலை வேட்டியில் துடைத்துக் கொடுத்து, ஒரே பாடம் சொன்னார்.

"ரூலு கீலெல்லாம் வூட்டுல வெச்சுட்டு வா. மொதலாளி கைக்குட்டைய எடுத்து மொகம் தொடச்சார்னா ஊது. அவ்ளோதான்."

எங்கள் டீம் முன்னால் இருந்தால் முதலாளிக்கு முகம் வியர்க்கும், ஆட்டம் முடியும். பின்தங்கிவிட்டால் சித்திரை வெயிலிலும் வியர்க்காது. எதிர் டீமுக்கு நாக்குத் தள்ளும்வரை ஓட வேண்டியதுதான். இதற்குப் பெயர் ஃபுட்பாலாம். வெட்கக்கேடு.

சில வாரம் எங்கள் பையன்கள் ஒழுங்காகவே ஜெயித்ததால் சிக்கல் வரவில்லை. பிறகு பேரணாம்பட்டு டேனரியோடு கோப்பை ஆட்டம் வந்தது. காலையில் தோல் காயப்போடும் மைதானம்தான். கோடு போட்டதும் தோல் ஊறும் குழிச் சுண்ணாம்புதான். எங்களுக்கு ஒரு கோல் ஜாஸ்தி. முடியும் நேரத்தில் எங்கள் ஃபுல்பேக், கோலுக்குக் கிட்டத்தில் வந்தவன் காலை வாரிவிட்டான். பெனால்டி கொடுத்தேன். அதற்குள் டைம் முடிந்துவிட்டது. டைம் முடிந்தாலும் பெனால்டியை அடித்த பிறகே ஆட்டம் முடியும். ரூல் அது.

கைக்குட்டை வெளியே வந்தது. நான் பார்க்காததுபோல் நின்றேன். முதலாளி நாற்காலியை விட்டெழுந்து பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா கிளார்க்கு, கண்ணு தெரியலியா? டைம் ஆய்டுச்சு, மக்ரிப் நேரம். ஊது. இல்லன்னா திங்கக்கெழமை ஆபீஸ் பக்கம் வராதே."

வெள்ளிக்கிழமைகூடப் பள்ளிவாசலில் தலைகாட்டாத மனிதருக்கு அன்று பார்த்து மக்ரிப் தொழுகை ஞாபகம் வந்துவிட்டது! எனக்கோ மனைவி, இரண்டு குழந்தைகள். அந்தச் சம்பளம்தான் சோறு. ஆனாலும் ஊதவில்லை.

எங்கள் கோல்கீப்பர் கவுஸ், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவன். கோலிலிருந்து அவன்தான் பேசினான்.

"பாங்கு இன்னும் சொல்லல மொதலாளி. அவன் அடிக்கட்டும். நான் புடிச்சுட்டுத் தொழப் போறேன்."

முதலாளி கோட்டுக்கு வெளியே போனார். பேரணாம்பட்டுக்காரன் அடித்தான். கவுஸ் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்போதுதான் ஊதினேன். சற்று நேரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கவுஸ் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தான். முதலாளி கோப்பையைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜெயித்த சந்தோஷத்தில் கையைக் குலுக்குவார் என்று நம்பிப் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

"ஜெயிச்சது இருக்கட்டும்யா. நான் மொகம் தொடச்சப்ப ஏன் ஊதல?"

அன்றோடு வேலை போயிற்று. ஸ்டோர் கீப்பருக்குத் திரும்பவும் விசில் கிடைத்தது.

பிள்ளைகளே, ஊதுவதற்கு மூச்சு போதும், அதை எந்த ஜால்ராவும் செய்வான். நாற்காலிக்காரன் ஊதச் சொல்லும்போது ஊதாமல் நிற்கிறவன்தான் ரெஃப்ரி.