கவுத்தக்காவும் இரண்டு மணி முள்ளும்

நாத்தனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள் நேரே போய் வைஃபை மோடத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். அடுத்து குழந்தையின் ரிமோட் கார். அதற்கடுத்து மேஜைமேல் இருந்த புது ஸ்பீக்கர். "அண்ணி, மொதல்ல உட்காருங்க, ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்று டம்ளரும் கையுமாக நாத்தனார் பின்னாலேயே நடக்கிறாள். ஸ்பீக்கரின் அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் தண்ணீர் தொண்டையில் இறங்குமா? "இத எங்க வாங்கின? நம்பர் இல்லாதது பேசக் கூடாது. மொதல்ல ஆஃப் பண்ணு."

கம்பியில்லாமல் காற்றில் அலை விடுகிற கருவிக்கு அனுமதி எண் ஒன்று உண்டு. அதை ஒட்டாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். நமக்கெல்லாம் அது கண்ணில் படாத பொடி எழுத்து. கவுத்தக்காவுக்கு அதுதான் பிழைப்பு. கண்டதையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தே வாங்கிய பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

வயர்லெஸ் காலிங் பெல் செய்கிற தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. பெல்லை, அலையை அளக்கிற முள் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து அமுக்குவாள். முள் எழுந்து இரண்டு பச்சைக் கோடுகளுக்கு நடுவே நின்றால், லேபிளை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துவாள். நூற்றில் ஒன்றுக்குத் தேய்ப்புச் சோதனை: ஈரத்துணியால் பதினைந்து விநாடி, ஸ்பிரிட் தொட்ட துணியால் பதினைந்து விநாடி. கடிகாரம் பார்ப்பதில்லை, வாய்விட்டு எண்ணுவாள். எழுத்து கலைந்தால் பெட்டியோடு திரும்பிப் போகும். மேனேஜர் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

லேபிளில் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி. இந்தக் கருவி பிறவற்றுக்கு இடையூறு செய்யக் கூடாது. தனக்கு வரும் இடையூறு எதுவானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். "இது பெல்லுக்கு எழுதினதா, மருமகளுக்கு எழுதினதா?" என்று பேக்கிங் பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். "ரெண்டு பேருக்கும்தான்டி" என்பாள் இவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு வெளியேறும்போது கேட்டில் தினமும் ஒரு கூத்து. முழங்கை, சேலைத் தலைப்பு, செருப்படி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பாள், லேபிள் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று. ஒருமுறை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டு நிறுத்தம் நடந்தே திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒரு லேபிள் வெளிய போச்சுன்னா, எதுமேல ஒட்டுதோ அதுக்குப் பேசுற உரிமை வந்துரும்ல?" பழைய முள் மீட்டர் ஒன்றைத் தூக்கிப் போடப் போனார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட எழுத்தில் அனுமதி வாங்கினாள்.

அந்த மீட்டர் வீட்டுக்கு வந்தது கணவருக்காக. அவர் இரவுக் காவலாளி. நெஞ்சுக்குள் தீப்பெட்டியளவில் பேஸ்மேக்கர் என்ற துடிப்புக் கருவியை வைத்திருந்தார்கள். எந்த அலை அதைத் தொந்தரவு செய்யுமோ என்று மீட்டரும் கையுமாக வீடு முழுக்க அலைந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். அவர் தூங்கும்போது நெஞ்சுக் கருவி பெட்டியிடம் பேசும், பெட்டி ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். பகலில் தூங்குகிறவர் என்பதால் மத்தியானம் இரண்டு மணி என்று நேரம் குறித்திருந்தார்கள். மீட்டரில் முள் ஏறும், நிற்கும், இறங்கும். உடனே அவள் போனில் செய்தி: 'இன்றைய தகவல் கிடைத்தது. நன்றி.' அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். "ஊரையெல்லாம் கவுக்கற, என்னையும் ஒருநாள் கவுத்துப் பாரேன், அடியில என்ன எழுதியிருக்குன்னு" என்பார் அவர், புரண்டு படுத்துக்கொண்டே.

எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோனார். இதயம் ஏமாற்றவில்லை, தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. எரிப்பதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டுமாம், பேட்டரி வெடிக்கும். அவர் இறந்தது வேறு ஆஸ்பத்திரியில். அங்கே எடுத்துக் கழுவி, கைக்கடிகாரத்தோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அவள் அதை அவர் தலையணைமேல் வைத்தாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்க மறந்துபோனாள். மறுநாள் இரண்டு மணிக்கு முள் ஏறியது. போன் சிணுங்கியது. இன்றைய தகவல் கிடைத்தது. நன்றி.

முதலில் பயந்துபோனாள். கூடவே சந்தோஷமும் வந்தது; அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிளக்கை அப்படியே விட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, சார் நடக்கிறாரா? படி ஏறுறாரா? நாள் பூரா அறுபதுலயே நிக்குதே. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல."

"இப்ப படியெல்லாம் ஏறுறதில்லம்மா."

பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போன வாரம் அதே பெண் மறுபடி கூப்பிட்டு, "செக்கப்புக்கு சாரை நேர்ல வரச் சொல்லுங்க" என்றாள். இதற்குமேல் எங்கே மறைப்பது? சொல்லிவிட்டாள்.

"அப்ப எட்டு மாசமா நாங்க யாரோட துடிப்பப் படிச்சுட்டு இருந்தோம்க்கா?"

பிறகு அந்தப் பெண்ணே சுதாரித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வந்து பெட்டி, கருவி ரெண்டையும் வாங்கிக்கறேன். அந்த நம்பர மூடணும்." கவுத்தக்கா எப்படி மறுப்பாள்? நம்பர் இல்லாதது பேசக் கூடாது என்று பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தானே. இந்தத் தடவை போனால் ஒரேயடியாகப் போய்விடுவார் என்று நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, கருவியைக் கையில் எடுத்து முதல்முறையாகக் கவிழ்த்தாள். ஈரத்துணியால் பதினைந்து, ஸ்பிரிட்டால் பதினைந்து. உலோகத்தில் செதுக்கிய எண், கலையவில்லை. "பாத்துட்டேங்க. வெறும் நம்பர்தான்" என்று தலையணையைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றரைக்கு வந்த பெண் இரண்டு எண்ணையும் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தது கவுத்தக்காவேதான்.

இரண்டு மணிக்குப் போன் சிணுங்கவில்லை. முள் மட்டும் ஏறியது.

மறுநாள் மெயின் சுவிட்சை அணைத்தாள், போனையும் அணைத்தாள். அப்போதும் ஏறியது. பக்கத்து வீடுகளுக்குப் போய் ஒன்று விடாமல் கவிழ்த்தாள். எல்லாவற்றுக்கும் நம்பர் இருந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "எங்கிருந்தாவது வர்றதா இருக்கும், விடுங்கக்கா" என்றார் அவர். ஆனால் மீட்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோனால் முள் படுத்துவிடுகிறது. கட்டிலின் தலைமாட்டில் மட்டும்தான் எழுகிறது, அதுவும் இரண்டு மணிக்கு மட்டும்.

"நம்பர் இல்லாம பேசறீங்களே, தப்பில்லையா?" என்று ஞாயிற்றுக்கிழமை கட்டிலிடமே கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள், அழுகையாக வந்தது.

திங்கள்கிழமை ஷிப்ட் முடிந்து கேட்டில் நின்றபோது கை பழக்கத்தில் தடவிக்கொண்டு போயிற்று. முழங்கைக்கு மேலே ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. கை அங்கேயே நின்றது. பிறகு தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, இன்னிக்குச் செருப்பத் திருப்பிப் பாக்கல?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"பஸ் போயிரும்."

வீட்டில் இரண்டு மணி ஆயிற்று. முள் ஏறிப் பச்சைக் கோடுகளுக்கு நடுவே நின்றது. கவுத்தக்கா தரையில் மண்டியிட்டு, தலைமாட்டுச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் லேபிளை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். ஈரத்துணியை எடுத்து அதைத் தேய்த்தாள், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே, பதினைந்து வரைக்கும்.