பாய்ப்படகுக்கு இன்வேட்டர் வாங்கப் போன கதை

வியாழன் காலை. திருகோணமலை பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம்தான். கோபம் பஸ்ஸோடு அல்ல, என் கணவர் நேசனோடு. பாய்ப்படகு வேண்டும் என்று பத்து வருடமாக என் உயிரை வாங்கியவர் அவர். மட்டக்களப்பு வாவிக்கரையில், பாலமீன்மடுவில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன இருபத்திரண்டு அடிப் படகைக் கண்டுபிடித்துப் பேரம் பேசியவரும் அவர். அதைத் திருகோணமலைக்கு ஓட்டிக்கொண்டு வரவேண்டிய நேரம் வந்ததும், முந்தின இரவு அங்கிருந்து தொலைபேசியில் மெதுவாக இழுக்கிறார். “நீர் யோசப் அண்ணனோட படகில வாரும். நான் பஸ்ஸில வாறன்.” அங்கே எங்கள் படகைப் பார்த்துக்கொள்ளும் மீனவர்தான் யோசப் அண்ணன்.

காரணம் இல்லாமல் இல்லை. நேசனுக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வருத்தம். முகமூடியை மாட்டி, ஒரு சின்ன இயந்திரம் விடியும்வரை காற்றை ஊதிக்கொண்டிருந்தால்தான் அவர் நிம்மதியாகப் படுக்கலாம். வீட்டில் சுவரில் செருகினால் சரி. கடலில் சுவர் எங்கே? வழியில் ஒரு இரவாவது நங்கூரம் போட்டுப் படுக்கத்தான் வேண்டும். படகில் இரண்டு பற்றரி இருக்கின்றன. அந்த மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் ஒன்றும், பற்றரியைக் கரையிலிருந்து நிரப்பும் சார்ஜர் ஒன்றும் கிடைத்தால் அவர் வரலாம். கிடைக்காவிட்டால் தன் கனவுப் படகு போவதைப் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வருவார். இதை நான் விடுவதாக இல்லை.

இன்னொரு அவசரமும் இருந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மழை காலத்தில் திறந்து கிடக்கும், அதில் மாசி கழிந்தால் மணல் ஏறத் தொடங்கிவிடும். அடைபட்டுவிட்டால் அடுத்த மழைவரை எங்கள் படகு வாவிக்குள் கிடந்து பாசி பிடிக்க வேண்டியதுதான்.

நூற்று முப்பது கிலோமீற்றர் சொச்சம். வாகரையைத் தாண்டியதும் மாங்கேணிக் கடல் வந்தது. கரையில் வள்ளங்கள், உலரும் வலைகள், காற்றை மறிக்கும் ஒரு வளைவு. இரவு தங்க இதுதான் இடம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மட்டக்களப்பில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஆரையம்பதிக்காரர் இரவியின் ஓட்டோவைப் பிடித்தேன். கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடை, பிறகு பாலமீன்மடு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேச்சு. கடையில் சாமான் தூக்க உதவுவதாகச் சொல்லி அவரும் கூடவே உள்ளே வந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

நான் பாடசாலையில் பௌதிகம் படிப்பிப்பவள். எனக்கு வேண்டியதை ஒரு மூச்சில் சொன்னேன்: பன்னிரண்டு வோல்ட், முந்நூறு வோட், பியூர் சைன், அதாவது வீட்டு மின்சாரம் மாதிரியே சீராக வருவது. முதலாளி தலையாட்டிக் கேட்டுவிட்டு, இரவியின் பக்கம் திரும்பினார்.

“அண்ணன், போட்டில என்ன எஞ்சின் கிடக்கு?”

“எனக்கென்ன தெரியும்? நான் ஓட்டோ ஓட்டி வந்த ஆள்,” என்றார் இரவி. “அக்காட்டக் கேளுங்க.”

முதலாளி அக்காவிடம் கேட்கவில்லை. மூவாயிரம் வோட் பெட்டியொன்றை மேசையில் தூக்கிவைத்து, சோறு ஆக்கலாம், பிரிட்ஜ் போடலாம், சார்ஜரும் உள்ளேயே இருக்கிறது என்று இரவிக்குப் பாடம் எடுத்தார். அந்தப் பெட்டி வீட்டில் கறண்ட் போகும் நேரத்துக்காகச் செய்தது. சும்மா இருக்கும்போதே அதன் விசிறி ஓடி என் பற்றரியில் கால்வாசியைக் குடித்துவிடும். இன்வேட்டரும் சார்ஜரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால், ஒன்று பழுதானால் இரண்டும் போகும். தனித்தனியாகத்தான் வேண்டும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்களாம். அவர்கள் லைற் எரிக்கிறார்கள் ஐயா, நான் ஒரு மனிதனுக்கு மூச்சுக் கொடுக்கப் போகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தது உண்மைதான். உடனே ஒரு நாற்காலியும் சோடாவும் வந்தன. கோபப்படும் பெண்ணுக்கு நம் ஊர்களில் கொடுக்கும் பதில் அது.

சார்ஜருக்கும் அதே பாடுதான். கராஜ்களில் கார் பற்றரிக்குப் போடும் கனத்த பெட்டியை என் தலையில் கட்டப் பார்த்தார். அது பற்றரி நிறைந்த பிறகும் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆள் நின்று கழற்றாவிட்டால் உள்ளே தண்ணீர் கொதித்து வற்றிவிடும். நிறைந்ததும் தானே இறங்கி அடங்கும் சார்ஜர் மேல்தட்டில் தூசி படிந்து இருந்தது. விரலை நீட்டி அதை இறக்குவித்தேன். இருபத்துநாலாயிரம். அதற்குப் பிறகு, பக்கத்தில் ‘பியூர் சைன்’ என்று பெரிதாக ஒட்டியிருந்த முந்நூறு வோட் இன்வேட்டர் ஒன்று வந்தது. முப்பத்திரண்டாயிரம். மின்குமிழ் ஒன்றைச் செருகி எரித்துக் காட்டினார்கள். எனக்கும் களைப்பு. வாங்கிவிட்டேன்.

பின்னேரம், பாலமீன்மடு. நேசன் ஒரு கிழமையாக யோசப் அண்ணன் வீட்டில்தான் தங்கி, படகுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார். அண்ணனுடைய தோணியில் சாமானை ஏற்றிப் படகுக்குப் போய், கம்பி பொருத்தி, பியூஸ் போட்டு, நேசனைப் படுக்கச் சொல்லி இயந்திரத்தைச் செருகினேன். இயந்திரம் உறுமியது. விளக்கு மின்னியது. ஐந்து நிமிடத்தில் தானே அணைந்துவிட்டது. நேசன் முகமூடியைக் கழற்றி மடித்து வைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்தவர்போல இருந்தார். பஸ் காலை ஆறு மணிக்கு இருக்கிறதா என்று யோசப் அண்ணனிடம் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வீட்டு மின்சாரம் அலை மாதிரி வழுவழுவென்று ஏறி இறங்கும். மலிவான இன்வேட்டர் அதைப் படிக்கட்டாக வெட்டிக் கொடுக்கும். குமிழுக்கு அது தெரியாது, மோட்டாருக்குத் தெரியும். ஒட்டியிருந்த எழுத்து பொய். ஆனால் அந்தக் கடையில் இதை யாருக்கு நிரூபிப்பது? வாசலில் லொறியும் பஸ்ஸும் போடும் இரைச்சலில் எந்த உறுமல் கேட்கும்? அப்போதுதான் தோணிக்குள் கிடந்த துடுப்பு கண்ணில் பட்டது. இந்த வாவியில் மீன் பாடுவதைக் கேட்க வருகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைப்பார்கள். நேசனும் வந்த முதல்நாளே அப்படிக் குந்தியிருந்தவர்தான். தண்ணீருக்குள் இருக்கும் மீனைக் கேட்கலாம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் பொய்யைக் கேட்க முடியாதா?

வெள்ளி காலை இன்வேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, துடுப்பும் கையுமாக மறுபடி இரவியின் ஓட்டோவில் ஏறினேன். துடுப்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. கல்லடிப் பக்கத்திலிருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கடையில் ஒரு மேசை விசிறியை எடுத்துச் சுவரில் செருகினேன். துடுப்பின் அகன்ற முனையை அதன் அடியில் வைத்து, மறுமுனையில் காதை வைக்கும்படி முதலாளியிடம் சொன்னேன். மட்டக்களப்பில் பிறந்தவருக்கு அதைச் செய்து காட்டவேண்டிய தேவை இல்லை, பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டார். பிறகு அவர் விற்ற இன்வேட்டரைக் கடைப் பற்றரி ஒன்றில் பூட்டி, அதே விசிறியை அதில் செருகினேன். துடுப்பில் இருந்த காது சட்டென்று விலகியது. அடுத்து இரவி கேட்டார். அதற்குப் பிறகு பல்பு வாங்க வந்த ஒருவர் தானாகவே வந்து குனிந்தார்.

“சுவரில குடுத்தா பாடுது,” என்றார் இரவி. “மறுகா இதுல குடுத்தா கத்துது.”

முதலாளி கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கு இப்படியே ஒட்டித்தான் வந்தது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

“ஐயாவக் கூட்டிட்டு வந்திருந்தா விளக்கமா கதைச்சிரிக்கலாம், மிஸ்.”

“ஐயா மூச்சு விடுறதுக்குத்தான் நான் இஞ்ச வந்து நிக்கிறன்,” என்றேன். “விளக்கம் எனக்குச் சொல்லுங்க.”

விளக்கத்துக்குப் பதிலாக உள்ளறையிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. அளவு அதேதான், பாரம் மட்டும் கூடுதல். ஏதோ ஹோட்டலுக்கென்று எடுத்து வைத்ததாம். கேட்டால் கிடைக்கும் சாமானை, கேட்டது பெண் என்பதற்காக உள்ளே வைத்திருந்தார்கள். விசிறியைச் செருகித் துடுப்பில் காதை வைத்தேன். சுவரில் கேட்ட அதே சத்தம். மேலும் ஆறாயிரம் கேட்டார். கொடுத்துவிட்டு, அந்தப் பொய் எழுத்தை அவர் கையாலேயே உரித்துப்போட வைத்தேன். திருகோணமலையில் என்றால் இப்படி நடந்திருக்காது என்று எழுத ஆசைதான். அங்கே தண்ணீர் மோட்டார் வாங்கப் போனபோதும் ஐயா எங்கே என்றுதான் கேட்டார்கள். அங்கே என் கையில் துடுப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு நேசனைப் படகில் படுக்க வைத்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல முகமூடியை மாட்டிக்கொண்டார். இயந்திரம் வீட்டில் ஊதுவதைப்போலவே ஊதியது. நானும் யோசப் அண்ணனும் மேலே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடித்தும் அவர் எழும்பவில்லை. வெயில் சாயும்போது வெளியே வந்து, கன்னத்தில் முகமூடியின் தழும்போடு, நாளைக்கு முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போது ஏறும் என்று கேட்டார். பஸ்ஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சனி விடியற்காலை, படகின் அடியில் இறங்கி நிற்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டு, இரண்டடித் தண்ணீரில் மணல் உரச முகத்துவாரத்தைக் கடந்தோம். வெளிச்சவீடு பின்னால் போனது. நேசன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். பொழுது படும்போது மாங்கேணி வளைவில் நங்கூரம் போட்டோம்.

ஞாயிறு காலை கிழக்கு வெளுத்து வந்தது. யோசப் அண்ணன் முன்பக்கத்தில் போர்த்திக்கொண்டு கிடந்தார். அறைக்குள் இயந்திரம் ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது. நான் மேலே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. அதிலிருந்த மீனவர் கையைத் தட்டினார்.

“அக்கா, ஐயாவ ஒருக்காக் கூப்பிடுங்க. கரைவலை வளைக்கணும், நீங்க வழியில கிடக்கிறீங்க.”

கடைகளில் இந்த ‘ஐயா’வைக் கேட்டு எரிந்தவள் நான். முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.

“ஐயா நல்ல நித்திரை. எழுப்ப மாட்டன்,” என்றேன். “எங்க தள்ளிப் போடணுமெண்டு என்னட்டச் சொல்லுங்க.”

அவர் வடக்கே கையைக் காட்டினார். நான் முன்பக்கம் போய், சங்கிலி பலகையில் இடிக்காமல், நங்கூரத்தை மெதுவாக இழுக்கத் தொடங்கினேன்.