கையில் கொடுத்த கத்தி

மீன் வெட்டுவது என் வேலை. தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில், சிமெண்ட் மேடையில். போன வருஷம் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வளையல் போட முடியவில்லை. டாக்டர் இந்த வேலையை விடச் சொன்னார். எனக்கு வேறு வேலை தெரியாது.

தம்பி கப்பலில் சமையல்காரன். ஜப்பானில் இறங்கினபோது ஒரு கத்திக் கடையில் நின்றுகொண்டு வீடியோ கால் போட்டான்.

“யக்கா, கையால அடிச்ச கத்தி. பிடிச்சா கனமே தெரியல. வாங்கட்டா?”

ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். முதுகு தடித்தது வேண்டாம். வழுவழுப்பான பிடி வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பளபளப்பு. மற்றது கறுப்பு, சுத்தியல் பட்ட தடம் தெரிந்தது.

“கறுப்பு துருப்பிடிக்கும்னு கடைக்காரரு சொல்லுதாரு. நம்ம உப்புக்காத்துக்குத் தாங்காதுக்கா.”

“துருப்பிடிக்கிற இரும்புதாம்லே தீட்டுனா கூரு ஏறும். அத வாங்கு. தீட்டுற கல்லும் ஒண்ணு வாங்கு.”

“எலும்புல போடக் கூடாதாம்.”

“தலைய பக்கத்து மேடைக்காரி வெட்டிக்கிடுவா.”

கத்தி வந்ததும் அப்படித்தான் நடந்தது. என் மீனுக்குத் தலையும் முள்ளும் அவள் வெட்டினாள். அவள் மீனுக்கு நான் துண்டு போட்டுக் கொடுத்தேன். சூரை மீனின் மேல் வைத்து இழுத்தால் போதும், அமுக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் வீக்கம் வற்றியது. வளையல் போட்டேன்.

மார்க்கெட் குழாயில் உப்புத் தண்ணீர். கத்தி கழுவ வீட்டிலிருந்து ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோவேன். கழுவினதும் துணியால் துடைப்பேன். கிளம்பும்போது ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுவேன். மீன் ரத்தம் பட்டு இரும்பு நீலமாக மாறியது. அதைத் தேய்த்து எடுக்கவில்லை. அந்த நிறம் இருந்தால் துரு சீக்கிரம் ஏறாது.

“கத்திக்கு நல்ல தண்ணியா? மோரும் கேக்குதான்னு பாருங்க மைனி” என்பாள் பக்கத்து மேடைக்காரி.

ஒரு நாள் அவளே ஒரு மீனை வெட்டிப் பார்க்கக் கத்தி கேட்டாள். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். எப்போதும்போல மேடையில் வைத்தேன். மேடை ஈரம். அவள் எடுக்குமுன் கத்தி வழுக்கிப்போய் எடைக்கல்லில் இடித்தது. விளிம்பில் நொய்யரிசி அளவு உடைந்துவிட்டது. பழைய கத்தியாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

“நான் தொடவே இல்ல மைனி.”

“தெரியும்.”

அப்படியே வேலையைப் பார்த்தேன். உடைந்த இடம் பட்டு மீன் சதை பிய்ந்தது. அமுக்கி வெட்டினேன். நாலாம் நாள் வளையலைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

“சாணைக்காரர்ட்ட குடுத்தா அஞ்சு நிமிசம்” என்றாள்.

“சக்கரத்துல சூடேறுனா இரும்பு செத்துரும். கல்லுலதான் தேய்க்கணும்.”

ஞாயிறு பூசை முடிந்து வீட்டில் கல்லை நனைத்து உட்கார்ந்தேன். அரை மணிதான், கை நின்றுவிட்டது. அந்நேரம் அவள் வந்தாள். என் கையைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

கீழே சிமெண்ட் தரை. பிடியை அவள் பக்கம் திருப்பிக் கையிலேயே கொடுத்தேன்.

“சண்டை வரும் மைனி.”

“வந்தா பாத்துக்கிடலாம். சாய்ப்ப மாத்தாமத் தேய்ளா.”

பொழுது சாயும்வரை தேய்த்தாள். நான் தண்ணீர் விட்டேன். கத்தியின் அகலம் கொஞ்சம் குறைந்தது, உடைசல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் குழாயடியில் இரண்டு பேருக்கும் சண்டை. அது வாரம் ஒரு தடவை வருவதுதான். பிறகு அவள் தலை வெட்டினாள், நான் சூரையில் கத்தியை வைத்து இழுத்தேன். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. சனிக்கிழமை வளையல் சோப்பில்லாமல் ஏறியது.