வடக்குச் சுவரின் ஓட்டை

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்ட என் பள்ளித் தோழன் அந்தோணி, போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பனி, ரொட்டி, புதுக் கார் தவிர அவன் வேறெதுவும் அனுப்பியதில்லை என்பதால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் திறந்தேன். ஏதோ ஒரு சின்ன ஊர். பாசி பிடித்த பழைய பங்குக் கோயில். "டேய், நம்ம கோயில்டா இது. அப்படியே தூக்கியாந்து வச்ச மாதிரி இருக்கு பாரு" என்று அவன் குரல்.

உண்மையில் தூக்கிவந்தது நாங்கள்தான். அது பல நூற்றாண்டு மூத்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் வயலுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கு, தாத்தா காலத்துக்கும் முன்னால் ஒரு பிரெஞ்சுச் சாமியார் வந்தார். தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலை நினைவிலிருந்தே இங்கே கட்டினார். மனிதருக்கு நல்ல ஞாபகசக்தி. அதுதான் வினை. பனி வழுக்கி விழ வேண்டும் என்று அங்கே கூரையைச் செங்குத்தாகப் போட்டிருந்தார்கள், இங்கேயும் போட்டார். எங்கள் ஊரில் வழுக்கி விழுந்ததெல்லாம் ஓடு மாற்ற ஏறிய ஆட்கள்தான். அங்கே கோயிலின் முன்பாதி ஒரு காலத்திலும் பின்பாதி இன்னொரு காலத்திலும் கட்டியது. அதனால் முன்னால் அரைவட்ட வளைவு, பின்னால் கூர் வளைவு. இவர் ஒரே மூச்சில் கட்டியும் இரண்டையும் விடவில்லை. பாதியில் கொத்தனாரை மாற்றிவிட்டார்கள் என்றே நாங்கள் நம்பி வந்தோம். கல் இல்லாத களிமண் பூமியில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழ அகலச் சுவர். ஐப்பசி மழையில் நனைந்தால் அந்தச் சுவர் விடும் வாசனை ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்தது. பூசை என்றால் இன்றும் என் மூக்குக்கு அதுதான் ஞாபகம் வருகிறது, சாம்பிராணி அல்ல.

வீடியோவில் அந்தோணி வடக்குப் பக்கம் போனான். சுவரில், தலை உயரத்தில், பீடத்தைப் பார்த்துச் சாய்வாகக் குடைந்த ஒரு சதுர ஓட்டை. சாமியார் அதையும் மறக்காமல் எங்கள் சுவரில் வைத்திருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஓட்டையைப் பற்றிப் படித்தேன். ஊரில் எனக்குப் படிக்கிறவன் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்க்க இந்த ஓட்டைகளை வைத்தார்கள் என்று முன்பு சொன்னார்களாம். இப்போதைய அறிஞர்கள் சிலர், அதெல்லாம் கட்டுக்கதை, அங்கே எந்த நோயாளியும் நின்றதில்லை என்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. எங்கள் ஓட்டையில் என் அம்மா நின்றாள்.

அம்மாவுக்குப் பெருவியாதி. மாத்திரையில் குணமானது; மடங்கிய விரல்கள் மட்டும் நிமிரவில்லை. இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னது ஊருக்கும் தெரியும். தெரிந்துதான், அவள் வந்து உட்கார்ந்தால் பெண்கள் பக்கத்தில் பாய் மெல்லக் காலியாகும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குழந்தைக்குச் சிறுநீர் வந்துவிடும், ஒருத்திக்கு இருமல் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அம்மா உள்ளே வருவதை நிறுத்தினாள். வாய்க்கால் பக்கம், பூவரச மரத்தடியில், செங்கல் மேல் ஏறி நின்று ஓட்டையில் முகம் வைத்துப் பூசை பார்த்தாள். மழையில் குடையோடு நிற்பாள்.

"உள்ள வாம்மா."

"போடா. மகாராணிக்குக்கூடத் தனி ஜன்னல் கெடையாது. எனக்கு இருக்கு."

உள்ளேயிருந்து அந்த ஓட்டையைப் பார்த்தால் இருட்டாக இருக்கும். இருட்டாக இருந்தால் அம்மா இருக்கிறாள் என்று பொருள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஃபாதரே வீட்டுக்கு வந்து, "அம்மா, அன்னிக்காவது முன்னாடி வந்து உக்காருங்க" என்றார். "பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போனா அந்தப் புள்ள மொகத்த நான் எப்படிப் பாக்குறது ஃபாதர்? நான் என் எடத்துலயே நின்னுக்குறேன்" என்றாள். அந்த ஓட்டையில் தெரிவது பீடத்தின் முன்னால் ஒரு கீற்று மட்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் நடு இடம் அதில் வராது. மகன் தாலி கட்டுவது மட்டும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

எனக்கு நிச்சயமான திருத்துறைப்பூண்டிப் பெண்ணிடம் அம்மா நிற்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்றுகூட நினைத்தேன்.

அன்று பீடத்தின் முன்னால் போய், நடுவை விட்டு இடது தூணோரம் நின்றேன். "நடுவுல வாப்பா" என்றார் ஃபாதர். "இங்கயே இருக்கட்டும் ஃபாதர்." அவர் வடக்குச் சுவரை ஒருமுறை பார்த்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரும் நகர்ந்து வந்தார். போட்டோக்காரர்தான் விடவில்லை. "அண்ணே, தூணு மறைக்குதுண்ணே. ஆல்பம் பாக்குறவங்க என்னத்தான் திட்டுவாங்க."

அப்போதுதான் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "இன்னும் ரெண்டடி தள்ளுங்க. இங்க நின்னா அத்தைக்கு உங்க காது மட்டுந்தான் தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து சாயந்தரம் போயி பாத்தேன்."

இரண்டடி தள்ளி நின்று தாலி கட்டினேன். கட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஓட்டை இருட்டாக இருந்தது. எங்கள் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நடுவில் ஆளில்லை. ஓரமாக நாங்கள் இருவரும், யாரோ அதட்டி ஒதுக்கி நிறுத்தியது போல. பார்க்க வருகிறவர்கள், "வெயில் அடிச்சுதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்போம்.

அதற்குப் பிறகு அம்மா ஒரே ஒருமுறைதான் அந்தக் கோயிலுக்குள் வந்தாள். பெரிய வாசல் வழியாக வந்தாள். நட்ட நடுவில் வைத்தார்கள். பாய் நிறைய ஆட்கள். யாருக்கும் இருமல் வரவில்லை, எந்தக் குழந்தைக்கும் அவசரம் வரவில்லை. நான் என்னையறியாமல் இடது தூணோரம் போய் நின்றிருந்தேன். தலையைத் தூக்கியபோது ஓட்டை வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதற்குள் பூவரச இலைகள் ஆடின. அம்மா அங்கே நிற்கத் தொடங்கிய பிறகு அந்த வழியாக வெளிச்சம் வந்து நான் பார்த்ததில்லை.

போன கோடையில் கோயிலை இடித்தார்கள். இடம் போதவில்லை, கூரை விழுந்துவிடும் என்றார்கள், நியாயந்தான். புதுக் கோயிலில் தூண் கிடையாது, எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரியும். யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. கேட்கிறவர்களிடம் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

ஜேசிபி போன மறுநாள் ஊரே திரண்டு வந்து ஞாபகத்துக்கு ஆளுக்கொன்று எடுத்துப்போனது. செங்கல், ஓடு, கதவின் இரும்புக் குமிழ். நானும் என் மனைவியும் போயிருந்தோம். "நீங்க என்ன சார் எடுத்துக்கிறீங்க?" என்று காண்ட்ராக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். வடக்குப் பக்கம் போய் நின்று பார்த்தோம். பூவரச மரம் வரைக்கும், வாய்க்கால் வரைக்கும், அதற்கு அப்பால் வயல் வரைக்கும் எல்லாமே ஓட்டையாக இருந்தது.