விளக்கு மலையேறும் வரைக்கும்

எமர்ஜென்சி நடந்த சமயம். திருச்சியில் மேல்படிப்பு படித்த இரண்டு பெண் பிள்ளைகள் குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஆராய்ச்சிக்கு வந்தார்கள். ஜனங்கள் சர்க்காருக்குப் பயப்படுகிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்கு அவர்களுடைய புரபசர் பயிற்சி எல்லாம் கொடுத்து அனுப்பியிருந்தார். தங்க வேறு இடம் இல்லாததால் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

நல்ல பயிற்சிதான். வந்து இறங்கியதே சர்க்கார் ஜீப்பில். ஊரில் ஒரு மரியாதை இருக்கட்டும் என்று புரபசரே ஆபீசில் சொல்லி ஏற்பாடு செய்தாராம். அந்த வருஷம் அந்த ஜீப் எதற்கு வரும் என்று எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வரும். சத்தம் கேட்டதும் ஆம்பிளைகள் பூராவும் பருத்திக் காட்டுக்குள் மறைந்தார்கள். பல் போன கிழவர் ஒருத்தரும் ஓடினார். அவருக்கு என்ன பயமோ, ஈசனுக்குத்தான் தெரியும்.

மிச்சமிருந்த பொம்பிளைகளிடம் பிள்ளைகள் கேள்வி அச்சடித்த பாரத்தை நீட்டினார்கள். முதலில் பெயர், அப்புறம் புருஷன் பெயர், அப்புறம் கதவு நம்பர். புருஷன் பெயரை எங்கள் பக்கம் வாயால் சொல்லமாட்டோம், பக்கத்தில் நிற்கிறவள்தான் சொல்லவேண்டும். இப்படி சாட்சியோடு எல்லாம் எழுதிக்கொண்டு, உங்களுக்குப் பயம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். சாமி புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை, சர்க்கார் நன்றாக வைத்திருக்கிறது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம்.

என் புத்தி சும்மா இருந்ததா? வெங்காயக் காட்டு வேலைக்குப் போகும் பின்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, படித்த பிள்ளைகள், தைரியமாகச் சொல்லு என்றேன். என்னை நம்பி அவள் சொன்னாள். ரேஷன் கார்டு தருவதாகச் சொல்லி, ஆள் பிடிக்கும் ஆபீசர் அவள் புருஷனை ஜீப்பில் ஏற்றிப்போய் ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார். அவர்களுக்கு இருப்பது ஒரே குழந்தை. அதையும் பெயர், கதவு நம்பரோடு முத்து முத்தாக எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அதே ஆபீசர் வந்தார். பாரங்களைப் பார்த்துத் தப்பிருந்தால் திருத்தித் தருகிறாராம். கேட்டால் ஒத்துழைக்கவேண்டும் என்பதும் பயிற்சியில் இருந்ததாம். பெரிய பெண் எடுத்துவர எழுந்தாள். பாரக்கட்டு இருந்தது பூஜை அறையில், எலி வராத இடம் அது ஒன்றுதான். நான் குறுக்கே நின்றேன்.

"சாமிகிட்ட இருக்குங்க சார். விளக்கு தானா மலையேறுற வரைக்கும் அங்கேருந்து எதையும் எடுக்கறதில்லைங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எண்ணெய் தீரணும்ங்க."

வழக்கம் நிஜம்தான், என் மாமியார் வீட்டு வழக்கம். நடுவில் இரண்டு தடவை உள்ளே போய் எண்ணெய் ஊற்றினேன் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நெற்றி நிறைய விபூதி வைத்திருந்த மனுஷர். தாலுகாவே அவருக்குப் பயந்தது, அவர் ஒரு திரிக்குப் பயந்தார். மூன்று டம்ளர் மோர் குடித்துவிட்டு, நாளைக்கு வரேன் என்று கிளம்பினார். வேப்பந்தட்டைப் பக்கம் ஆள் பிடிக்க வேண்டியிருந்ததாம்.

பின்வீட்டுக்காரியின் பாரத்தை எரிக்கலாம் என்றேன். பெரிய பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

"இது ஒண்ணுதான்மா நிஜமான பாரம்."

"அதனாலதான் பாப்பா."

சின்னவள் அதை வாங்கி விளக்கில் காட்டினாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தீபத்தில் காகிதம் எரித்ததற்கு அம்பாளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசர் மிச்சத்தைப் படித்துப் பார்த்து, அருமையான ஆராய்ச்சி என்று மெச்சி, ஊர் திரும்ப ஜீப் தரேன் என்றார். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் பின்வீட்டுக்காரி ஒரு பை வெங்காயத்தோடு நின்றாள். நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கக்கா என்று பெரியவள் கேட்டாள். பேனாவை எடுக்கவே இல்லை.

சொல்லி முடித்த பின்வீட்டுக்காரியே சந்தேகப்பட்டுக் கேட்டாள்: "எம் பேரு எழுதிக்கலியா?"

"எந்தப் பேருங்கக்கா?" என்றாள் பெரியவள்.